கடல் தாண்டிய அணியும் ஃபெர்கல் டூஹியும்

ஃபெர்கல் டூஹிக்குப் பதினாறு வயது நடக்கும்போது இங்கிலாந்தின் பெரிய கால்பந்து அணி ஒன்று அவனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. கடலுக்கு இக்கரையில் இருக்கும் பாலிக்ரேன் ஊரில் பாதிப் பேர் உயிரை விடுகிற அணி அது. அதன் பெயரைக்கூட யாரும் முழுசாகச் சொல்வதில்லை. நீலச்சட்டை என்றால் போதும், பால்வாடி போகும் குழந்தைக்கும் புரியும்.

ஊரில் அதற்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. மன்றத்துக்குத் தலைவர் ஃபெர்கலின் அப்பா ஜார்லத். சுவர் பூசுகிற வேலை அவருக்கு. வாரம் முழுக்கச் சுண்ணாம்பும் சிமெண்டுமாக இருப்பவர், சனிக்கிழமை மதியம் குளித்து நீலச்சட்டை போட்டுக்கொண்டு ஹான்லி மதுக்கடைக்குப் போய்த் தொலைக்காட்சிக்கு நேர் எதிர் இருக்கையில் உட்கார்ந்துவிடுவார். வருஷத்துக்கு இரண்டு தடவை மன்றத்தோடு கப்பலேறிப் போய் நேரிலும் பார்த்துவிட்டு வருவார்.

மகன் கிளம்புகிற வாரம் ஹான்லி கடையில் விருந்து நடந்தது. ஞாயிறு பூசையில் பாதிரியார் பையனின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். கடையில் எல்லோரும் சுற்றி நிற்க, ஜார்லத் பேச எழுந்து, பேச்சு வராமல் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஃபெர்கல் மூன்று வருஷம் அங்கே இருந்தான். ஒரு விதவையம்மாளின் வீட்டு மாடியில் வேறொரு பையனோடு தங்கல். உழைப்பில் குறை வைக்கவில்லை. பத்தொன்பது வயதில் பயிற்சியாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டப்ளின் துறைமுகத்துக்கு ஜார்லத் வேனோடு வந்திருந்தார். பையனுடைய பையைச் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் பாதி வழியில்.

"நல்லாத்தான் ஆடுறேன், ஆனா பத்தாதுன்னாங்க."

"அவங்களுக்குத் தெரியும்டா. அவங்க கணக்கு தப்பாது."

வேறு எதையாவது சொல்லியிருந்தால் ஃபெர்கலுக்கு இத்தனை நாள் நினைவிருந்திருக்காது.

ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் அவனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. அஞ்சலகத்தில், ரொட்டிக்கடையில், சர்ச் வாசலில், யாரைப் பார்த்தாலும் முழங்காலை விசாரித்தார்கள். "பாவம்டா, முட்டி போயிடுச்சாமே? இல்லேன்னா எங்கேயோ போயிருப்பே." அவனுக்கு முட்டியில் ஒன்றுமில்லை. ஹான்லி கடையில் அந்தக் கதையை யார் சொல்லியிருப்பார்கள் என்று அவனுக்கு யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. மறுக்கவும் இல்லை. யாராவது பார்த்தால் இடது காலா வலது காலா என்று யோசித்துத் தாங்கித் தாங்கி நடந்தான்.

அப்பாவோடு வேலைக்குப் போக ஆரம்பித்தான். பால் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பாலிக்ரேன் டவுன் அணியிலும் சேர்ந்தான். மஞ்சள் சட்டை. நாட்டின் இரண்டாம் பிரிவில், அதிலும் கடைசிக்குப் பக்கத்தில் கிடக்கிற அணி. பயிற்றுவிப்பவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆட்டம். மழை இல்லாத நாளில் இருநூறு பேர் வருவார்கள். மைதானத்துக்கும் ஹான்லி கடைக்கும் நடுவே ஒரு தெருதான் குறுக்கே. அதைத் தாண்டி மன்றத்துக்காரர்கள் ஒருவர்கூட வந்ததில்லை.

"அதெல்லாம் ஒரு ஆட்டமாடா? மாடு மேய்க்கிறவன் பந்தை விரட்டுற மாதிரி!" என்பார் மன்றச் செயலாளர் ஃபின்பார், ஃபெர்கல் காதில் விழவே.

"வந்து பாத்திருக்கியா?" என்று அவன் கேட்டால், "பாக்காமலே தெரியுதே" என்பார்.

ஜார்லத்தும் வரவில்லை. பகல் முழுக்க ஒரே சுவருக்கு முன்னால் தோளோடு தோள் நின்று வேலை செய்வார்கள். ஒரே டப்பாவிலிருந்து ரொட்டி தின்பார்கள்.

"இன்னைக்கு ஆட்டம் இருக்குப்பா. வாங்களேன்."

"குளிருதுடா. நாளைக்கு மதியம் வேற நம்ம ஆட்டம் இருக்கு."

"நம்ம ஆட்டம் இன்னைக்குத்தாம்பா."

ஜார்லத் மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "அந்த மூலை மேடா நிக்குது பாரு. இழுத்து விடு."

நாலைந்து வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு ஃபெர்கல் கேட்பதை விட்டுவிட்டான். அம்மா அட்ராக்டா மட்டும் ஃபிளாஸ்கில் தேநீரோடு தவறாமல் வந்து கம்பிக்கருகே நிற்பாள்.

"அவருக்கு உம்மேல கோவம் இல்லடா. வெக்கம்" என்றாள் ஒருநாள்.

"என்னை நெனச்சா?"

"இல்ல. அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி அழுதாரே, அதை நெனச்சு. அந்த ஆளுங்க மூஞ்சியிலதானே தெனமும் முழிக்கிறாரு."

ஃபெர்கலுக்கு இருபத்தொன்பது வயதானபோது, அவன் மஞ்சள் அணிக்குத் தலைவனாக இருந்தான். அந்தக் கோடையில் நீலச்சட்டை அணி பாலிக்ரேனுக்கு வருவதாகச் செய்தி வந்தது. பருவம் தொடங்குமுன் ஒரு நட்பு ஆட்டம். அதன் வசூல் மைதானத்துக்குப் புது விளக்குகள் போடுவதற்கு.

அன்றைக்கு மைதானம் பிதுங்கியது. பால் பண்ணை மதில்மேலும் ஆட்கள். ஃபெர்கல் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால் எங்கும் நீலம். கசாப்புக் கடைக்காரர், பல் வைத்தியர், அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, எல்லோரும் நீலத்துண்டோடு இருந்தார்கள். கூரைபோட்ட ஒரே அரங்கை மன்றத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். நடுவில் ஜார்லத், பக்கத்தில் ஃபின்பார். ஒலிபெருக்கியில் நீலச்சட்டைப் பையன்களின் பெயர் ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் எழும்பியது. ஃபெர்கல் பெயருக்கு மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டல். "முட்டியைப் பாத்துக்கடா!" என்று யாரோ அக்கறையாகக் கத்தினார்கள்.

அவனுக்கு எதிரே ஓடியவன் இன்னும் மீசை கறுக்காத ஒரு பையன். காற்று மாதிரி இருந்தான். முதல் பாதியில் இரண்டு தடவை ஃபெர்கலின் காலுக்கு நடுவே பந்தை விட்டு எடுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு தடவையும் ஊரே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஃபெர்கலுக்குக் கோபம் வரவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய்த் தவறான வரிசையில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதியில் பையன் மறுபடி வந்தான். இந்தமுறை ஃபெர்கல் அவசரப்படாமல் காத்திருந்து, முழு உடம்போடு சறுக்கிப் பந்தை உதைத்தான். பந்து மதிலைத் தாண்டிப் பண்ணைக்குள் போய் விழுந்தது. பையன் உருண்டான். நடுவர் ஊதவில்லை, சுத்தமான தடுப்பு. ஆனால் அரங்கு முழுக்கக் கூச்சல்.

"வெளிய அனுப்புங்கய்யா அவனை!"

ஃபெர்கல் எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தான். அத்தனை நீல முகங்களும் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. ஓர் ஆள் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

என்ன நடந்தது என்பதை அம்மாதான் பிறகு சொன்னாள். "காட்டான், காலை ஒடச்சிருப்பான்" என்று ஃபின்பார் சொன்னாராம். ஜார்லத் எழுந்து அவர் எதிரே நின்றுகொண்டாராம்.

"பந்தைத்தானேடா தொட்டான்? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"உக்காருய்யா ஜார்லத். நம்ம பையனை அடிச்சிருக்கான்."

"நம்ம பையன் எவன்டா? சொல்லு, எவன்?"

ஆட்டம் முடிகிறவரை அவர் உட்காரவில்லையாம். மஞ்சள் அணி நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் வேனில் ஜார்லத் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பொடியனை உள்பக்கம் விட்டுட்ட. கோட்டுப் பக்கமா தள்ளியிருக்கணும்."

"நீங்க எந்த அணிக்குப்பா ஆடியிருக்கீங்க?"

"ஆடினாத்தான் தெரியணுமா? இத்தனை வருஷமா பாக்கறேன்ல."

"என்னைப் பாத்தது ஒரு தடவைதானே."

வேலை செய்யும் வீடு வந்துவிட்டது. ஜார்லத் இறங்கிக் கரணையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அட்ராக்டாவுக்குப் பக்கத்தில் அவரும் நின்றிருந்தார், சாம்பல் நிற மேல்கோட்டில். மஞ்சளை அவர் தொட்டதே இல்லை. அணியை "உங்க ஆளுங்க" என்றுதான் சொல்வார்; ஜெயித்தால் எதிராளி மோசம், தோற்றால் எதிர்பார்த்ததுதான். ஆனால் விடாமல் வந்தார். சனிக்கிழமைகளும் மாறவில்லை. ஃபின்பாரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடி அதே இருக்கையில் போய் உட்கார்ந்தார். மன்றத் தலைவர் பதவியை மட்டும் வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

ஃபெர்கல் முப்பத்துநான்கு வரை ஆடினான். இடுப்பு வலி நிரந்தரமானபோது நிறுத்திக்கொண்டான். அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். ஆட்டத்தை விட்ட பிறகு ஓர் ஆச்சரியம் நடந்தது. நீலச்சட்டையைத் திரையில் பார்த்தாலே எழுந்து போய்விடுவது நின்றுபோயிருந்தது. வீட்டில் கணப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு அவர்களுடைய ஆட்டத்தைப் பார்ப்பது அவனுக்குப் பிடித்துவிட்டது. நன்றாகத்தான் ஆடுகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னான். நனைந்த புல்லும் வெள்ளிக்கிழமையும் போதும் போதும் என்றாகியிருந்தது. மைதானத்துப் பக்கம் எப்போதாவதுதான் போனான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளை நேரத்தில் ஜார்லத் போன் செய்தார். பின்னால் காற்று இரைந்தது.

"புதுசா ஒருத்தனைப் போட்டிருக்காங்க, உன் எடத்துல. மரம் மாதிரி நிக்கிறான்டா. நீ எங்க இருக்க?"

"வீட்லப்பா. நீலச்சட்டை இந்த வாரம் இன்னைக்கே ஆடுது, பாத்துட்டு இருக்கேன்."

"ஆட்டத்தை இங்க வச்சிக்கிட்டு அங்க என்னத்தைப் பாக்கற?"

"யாரு கேக்கறது பாருங்க" என்று ஃபெர்கல் சிரித்தான்.

"சரி, வந்துட்டாங்க. வைக்கிறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

ஃபெர்கல் போனைக் கீழே வைத்தான். பிறகு சின்னவள் தூங்கிவிட்டாளா என்று பார்க்க எழுந்து போனான்.