ஜெராமில் இல்லாத ஜெராம் அக்கா

அந்த இசையை இப்போதும் என்னால் ஒரு சுரம் பிசகாமல் முணுமுணுக்க முடியும். பியானோ மாதிரி ஏதோ ஒன்று ஏறும், இறங்கும். நடுவில் ஒரு பெண் குரல் புகுந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று மலாயில் சொல்லும். மறுபடியும் பியானோ. வாடிக்கையாளர் சேவை என்று பெயர் வைத்துக்கொண்டு மனுஷனைக் காக்கவைக்கிறவர்கள் போடுகிற இசை அது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்வரை வாசலில் வண்டியை நிறுத்தி, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதைக் கேட்டபடி வியர்வையில் உட்கார்ந்திருப்பேன். என் வேனில் வரும் பொடிசுகளுக்கும் அது மனப்பாடம். அப்போதெல்லாம் அந்த இசையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இப்போது கேட்டால் என்ன ஆகிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஜெராம் அக்காவைப் பற்றிச் சொன்னால் ஒருவேளை விளங்குமோ என்னவோ.

எல்லாம் ஒரு தண்ணீர் மெஷினில் ஆரம்பித்தது. அசாம் ஜாவா என்கிற எங்கள் ஊரில், வீட்டு வாசலுக்கு ஒரு பெண் வந்து, அக்கா அக்கா என்று என் மனைவியிடம் அரைமணி நேரம் குழைந்து பேசி, மாத வாடகைக்கு ஒரு வடிகட்டும் மெஷினை மாட்டிவிட்டுப் போனாள். சுடுதண்ணீர் ஒரு பக்கம், குளிர்தண்ணீர் ஒரு பக்கம். கொஞ்ச நாளில் எந்தப் பக்கமும் இல்லாமல் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. கம்பெனி எண்ணைக் கூப்பிட்டால், மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து, சீனத்துக்கு மூன்றை அழுத்து. தமிழுக்கு எதையும் அழுத்த முடியாது. விற்கிறதுக்குத் தமிழ் உண்டு, ரிப்பேருக்குக் கிடையாது! அழுத்தி, காத்திருந்து, கடைசியில் யாராவது எடுத்தால், 'புகாரைப் பதிவு செய்துவிட்டோம் என்சிக், ஆள் வருவார்' என்று ஐயா போட்டு மரியாதையாகச் சொல்வார்கள். ஆள் வரமாட்டார். மறுபடி கூப்பிட்டால் அப்படி ஒரு புகாரே இல்லை என்பார்கள். மெஷினுக்கு அடியில் ஒரு பேசின் பாத்திரத்தை வைத்துவிட்டு, என் மனைவி பழையபடி கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.

இதே கம்பெனியிடம் இதேபோல் மாட்டிக்கொண்ட ரவாங் ஆசிரியை ஒருவர் கைப்பேசியில், புலனத்தில் ஒரு குழு தொடங்கியிருந்தார். குழுவுக்குப் பெயர் கசிவுச் சங்கம். யார் யாரையோ பிடித்து நானும் உள்ளே போய்ச் சேர்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் முதல் வேலையாகத் தங்கள் மெஷினைப் படம் பிடித்துப் போடுவார்கள், கலியாண ஆல்பம் மாதிரி. நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டே, பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது. அதனால் எண்ணைச் சேமிக்கும்போது ஊரையும் உறவையும் போட்டுச் சேமித்துவிடுவோம். ரவாங் டீச்சர், பெஸ்தாரி ஜெயா மாமா, இப்படி. நான் எல்லோருக்கும் வேன் தம்பி. ஒருநாள் புதிதாக வந்த ஒருவர், 'வணக்கம், ஜெராமிலிருந்து எழுதுகிறேன்' என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், ஜெராம் அக்கா ஆகிவிட்டார். அவரும் மறுக்கவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் குரல் பதிவாக அனுப்பித் தள்ளுவார்கள். பின்னணியில் கோழி கத்தும், குழந்தை அழும், சீரியல் ஓடும். ஜெராம் அக்கா ஒருநாளும் பேசி அனுப்பியதில்லை. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித்தான் அனுப்புவார். ஆனால் அவர் சொன்னது எதுவும் பொய்க்காது. திங்கட்கிழமை காலையில் கூப்பிடாதீர்கள், லைன் அடைத்துக்கொள்ளும். கோபப்படாதீர்கள், கோபப்பட்டால் அதைக் குறித்துவைத்து உங்கள் புகாரைக் கீழே தள்ளிவிடுவார்கள். 'தண்ணீர் கசிகிறது' என்று சொல்லாதீர்கள், 'பிளக் பக்கம் தண்ணீர் போகிறது' என்று சொல்லுங்கள், அப்போதுதான் அவசரம் என்று எடுப்பார்கள். அவர் சொன்னபடி பேசியவர்கள் வீட்டுக்கு உண்மையிலேயே ஆள் வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒரு வாஷரை மாற்றினார். அவர் வண்டி சந்து முனைகூடத் திரும்பவில்லை, அதற்குள் மறுபடியும் கசிந்தது. என் ராசி அப்படி.

நாளாக நாளாக அந்தக் குழுவில் மெஷின் பேச்சு குறைந்துவிட்டது. மாமா தன் செம்பனை மரத்தில் ஏறும் குரங்கைப் பற்றிச் சொல்வார். டீச்சர் ரயில் நெரிசலைத் திட்டுவார். தீபாவளிக்கு முறுக்குப் படங்கள் வரும். முகம் தெரியாத இந்தக் கூட்டத்தோடு நான் சொந்தக்காரர்களைவிட அதிகம் பேசினேன். ஜெராம் அக்கா அவ்வளவாகத் தன்னைப் பற்றி எழுதமாட்டார். மற்றவர்களை விசாரிப்பார். என்னிடம் மட்டும் தனியாக மத்தியானத்தில் ஒரு செய்தி வரும்: 'சாப்டாச்சா? பசியோட வண்டி ஓட்டாதீங்க தம்பி.' என் மனைவி எட்டிப் பார்த்துக் கிண்டலடிப்பாள். "நான் கட்டிக் கொடுத்த சோத்த சாப்பிடச் சொல்ல இன்னொரு ஆளா? மெஷின் கம்பெனிக்கு நான்தான் நன்றி சொல்லணும் போல லா."

பிறகு என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. மருத்துவமனையில் ஊசி குத்தி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தன் தங்கச்சிக்குச் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள், கோயிலில் சொன்னால் எல்லோரும் பாவமாகப் பார்ப்பார்கள் என்று அவளுக்குப் பயம். சரி என்றேன். ஆனால் நானும் மனுஷன்தானே! பிள்ளைகளைச் சிரித்துச் சிரித்து வேனில் ஏற்றி இறக்கிவிட்டு, ஆளில்லாத வண்டியில் உட்கார்ந்து ஜெராம் அக்காவுக்கு எழுதினேன். முகம் தெரியாதவரிடம் சொன்னால் சொன்னதாக ஆகாது என்று ஒரு கணக்கு. அவர் ஆறுதல் எதுவும் அளக்கவில்லை. 'வீட்ல அவங்க என்ன சமைச்சாங்க இன்னிக்கு?' என்று கேட்டார். 'அவங்களுக்கு முன்னாடி நீங்க அழாதீங்க, என்கிட்ட அழுதுக்கங்க' என்று எழுதினார். கடைசியாக எழுதியது இது: 'ரிசல்ட் வந்ததும் மொதல்ல எனக்குச் சொல்லணும். நல்லதோ கெட்டதோ. நான் காத்துக்கிட்டு இருப்பேன்.'

முடிவு வந்தது. ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்றார் டாக்டர். என் மனைவி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் வெளியே ஓடிவந்து கைப்பேசியைத் திறந்தேன். குழுவில் ஜெராம் அக்கா இல்லை. முந்தின ராத்திரியே வெளியேறியிருந்தார். தனியாக அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டேன், இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது. கையில் இவ்வளவு பெரிய நல்ல செய்தியை வைத்துக்கொண்டு, அதைக் கேட்கக் காத்திருந்த ஒரே ஆளிடம் கொடுக்கமுடியாமல் மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜெராமுக்குப் போனோம். கடலோரச் சின்ன ஊர்தானே, கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. ஒரு மளிகைக் கடையில் விசாரித்தேன். கல்லாவில் இருந்த அம்மா, "எந்த அக்கா? பேரு என்னா?" என்றார். தெரியாது என்றேன். "எந்த எஸ்டேட்டு ஆளுங்க? யாரு மக?" தெரியாது. "எப்படி இருப்பாங்க? செவப்பா, கறுப்பா?" அதுவும் தெரியாது. "ஐயா, ஒன்னுமே தெரியாம எப்படிய்யா அக்காங்கிற?" என்று அந்த அம்மா கேட்டபோது என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. என்னைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

வந்ததும் ரவாங் டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டார். "தம்பி, ஒன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? அந்த அக்கா ஒரு நாளாவது அவங்க மெஷின் படத்தப் போட்டிருக்காங்களா?" போடவில்லை. "ஜெராமுக்கு அன்னிக்கு மீன் சாப்பிடப் போயிருப்பாங்க. நாமளே பேரு வச்சோம். புகாரைக் கீழ தள்ளுவாங்கன்னு வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? அவங்க அந்த லைன்ல வேல செய்றவங்க. அதான் குரல் அனுப்பல. நாம கண்டுபிடிச்சிருவோம்ல." பிறகு இன்னொன்றும் சொன்னார். அக்கா போவதற்கு முந்தின நாள், தன் மெஷின் சரியான சந்தோஷத்தில் பெஸ்தாரி ஜெயா மாமா, கம்பெனியின் சமூக ஊடகப் பக்கத்தில் போய், உங்களைவிட எங்கள் ஜெராம் அக்கா ஆயிரம் மடங்கு மேல் என்று எழுதி, அக்கா அனுப்பிய செய்தியையும் படம் எடுத்து ஒட்டியிருந்தார். நன்றி சொல்லத்தான் செய்தார், பாவம். தெரியாமலே அக்காவைக் கம்பெனியிடம் காட்டிக் கொடுத்துவிட்டார்.

குழுவில் சிலர் அக்காவை உளவாளி என்றார்கள். சிலர் தெய்வம் என்றார்கள். நான் எதைச் சொல்ல? காலையில் 'அப்படி ஒரு புகாரே இல்லை என்சிக்' என்று என்னை விரட்டிய குரலும், மத்தியானத்தில் சாப்பிட்டாச்சா என்று கேட்ட கையும் ஒரே ஆளுடையதா? அப்படியென்றால் நான் யாரைத் திட்டினேன், யாரிடம் அழுதேன்? யோசித்தால் கோபம் வரும். கோபம் முழுசாக வருவதற்குள் அழுகை வந்துவிடும். அக்காவுக்கு வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்ற பயம் அதற்கும் மேலே நிற்கும். ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவர் காத்துக்கொண்டிருப்பேன் என்றார், நான் சொல்லியாக வேண்டும்.

அதனால் மறுபடியும் அந்த எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தேன், பள்ளி வாசலில், வேனில் இருந்தபடியே. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குரல். ஒரு மத்தியானம் ஒரு பெண் எடுத்தார். வயதான குரலும் இல்லை, இளசும் இல்லை. மலாயில் வழக்கம்போல் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டார். சொன்னேன். திரையில் என் பெயரும் ஊரும் வந்திருக்கும். அடுத்த கேள்வி வரவில்லை.

"நீங்க தமிழா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மலாயில், நிதானமாக, "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது, என்சிக்" என்றார்.

எனக்குப் புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். நானும் மலாயிலேயே சொன்னேன். "ஒரு தகவல் பதிவு செய்யவேண்டும். என் மனைவியின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறாள். காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்." வேறு யாராவது என்றால் பைத்தியக்காரன் என்று நினைத்துப் போனை வைத்திருப்பார்கள். இவர் வைக்கவில்லை. "துங்கு செபெந்தார், என்சிக்" என்றார். சற்றே காத்திருங்கள். பியானோ ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இசை தீரக்கூடாது என்று நினைத்தேன். பிள்ளைகள் வந்து ஏறிக்கொண்டார்கள். ஒருத்தி, "அங்கிள் அழுவுறாரு" என்றாள். இசை நின்றது. மூக்கடைத்த குரலில், அந்த எண்ணில் நான் அதுவரை கேட்டிராத தமிழில், ஒரே ஒரு வாக்கியம் வந்தது.

"காத்திருந்ததுக்கு நன்றிங்க."

உடனே குரல் மலாய்க்குத் திரும்பி, வேறு உதவி வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். லைன் கட்டானது.

அவர்தானா? தமிழ்ப் பெண் யாராக இருந்தாலும் அப்படிச் சொல்லியிருப்பாள் என்கிறது ஒரு மனசு. என் மனைவிக்கு அந்தக் குழப்பமே இல்லை. "அந்தக் கம்பெனியில எவன் நமக்குத் தமிழ்ல நன்றி சொல்லியிருக்கான்? அவங்கதான்" என்கிறாள். அதற்கடுத்த வாரம், நாங்கள் கூப்பிடாமலேயே, மெஷின் சரிபார்க்கிற ஆள் கருவிப் பையோடு வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளும் யாருக்காக ஏங்கினேனோ அவரேதான். உள்ளே சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்கிறது. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "மெஷின் நல்லாருக்கு லா, போயிட்டு வாங்க" என்றேன். ஏன் சொன்னேன்? மெஷின் சரியாகிவிட்டால் அந்த எண்ணைக் கூப்பிட எனக்கு என்ன காரணம் இருக்கும்? ஒருவேளை அந்த ஆளை அக்காவே அனுப்பியிருந்தால் நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! இன்றுவரை தெரியவில்லை. என் மனைவி பேசினைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளி மறைத்தாள்.

இப்போதும் மெஷின் கசிகிறது. இப்போதும் கூப்பிடுகிறேன். ஏதேதோ குரல்கள் எடுக்கின்றன, அந்தக் குரல் மட்டும் வரவில்லை. நேற்று பள்ளி விடுமுறை. வீட்டிலிருந்தே கூப்பிட்டேன். சமையலறை முழுக்க அந்தப் பியானோ கேட்டது. நிறைந்த பேசினைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடியில் கொட்டிவிட்டு வந்த என் மனைவி கேட்டாள், "என்னா சொல்றாங்க?"

"காத்திருக்கச் சொல்றாங்க."

"அப்ப இருங்க" என்று சொல்லிவிட்டு, பேசினைத் திரும்ப மெஷினுக்கு அடியில் சரியாக நகர்த்தி வைத்தாள்.