வாயு மூலைத் துளசி

நடந்தவை, வரிசையாக:

1. கீழே இருக்கும் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் உடனே இறங்காமல், சற்று யோசித்துவிட்டு இறங்க ஆரம்பித்தது.
2. பிறகு யோசிப்பதையும் விட்டுவிட்டது. குளியலறைச் சல்லடையில் குமிழி வந்தது.
3. அம்மா ஆசிட் ஊற்றினாள். அப்பா வெல்லமும் புளித்த மோரும் சாணியும் கரைத்து ஊற்றினார். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது.
4. நான் கழிவுநீர் உறிஞ்சும் லாரிக்குச் சொன்னேன்.
5. லாரிக்காரர் வந்து செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று கேட்டார். தெரியாது என்று மூன்று பேரும் சொன்னோம். அதில் இரண்டு பேர் சொன்னது உண்மை.
6. மூடி அகப்பட்டது. அதன் மேல் அம்மாவின் துளசி மாடம் நின்றுகொண்டிருந்தது.
7. மாடத்தை எடுக்காமல் தொட்டியைத் திறக்க முடியாது என்றேன் நான். மாடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்றாள் அம்மா. அப்பா எதுவும் சொல்லவில்லை.

ஏழாவதில் அப்பாவின் மௌனத்தைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால்கூட அவருக்குச் சொல்ல ஒரு கருத்து இருக்கும்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தவரை கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அடைத்துக்கொண்டால் சொல்லி அனுப்புவோம், ஆள் வருவார்கள். திருமுல்லைவாயிலில் சொந்த வீடு கட்டிய பிறகுதான் அது நம் தலைவலி என்பது புரிந்தது. பாதாள சாக்கடை வரப்போகிறது என்று தெருவைத் தோண்டினார்கள், பிறகு மூடினார்கள். இணைப்பு எங்கள் வரிசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதுவரைக்கும் செப்டிக் டேங்க்தான்.

குவார்ட்டர்ஸிலிருந்து அம்மா எடுத்து வந்தவற்றில் அவள் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது அந்தத் துளசி. டெம்போவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேகத்தடை வரும்போதெல்லாம் செடியைப் பிடித்துக்கொண்டாள், என்னை இல்லை. பூங்கதிர் விட்டால் உடனே கிள்ளிவிடுவாள். கதிர் முற்றினால் செடிக்கு வயசாகிவிடும் என்பாள். அதனால் அதன் தண்டு விரல் தடிமனைத் தாண்டி விறகு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் எங்கள் வீட்டு மாடத்திலிருந்துதான் இலை போகும். மாடம் வெறும் செங்கல்தான், இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். அந்தச் செடியை அசைத்தால் பிழைக்குமா என்பதுதான் அவள் கவலை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு இயந்திரம் நின்றுவிட்டால் ஏன் நின்றது, அந்த ஏனுக்கு ஏன் என்று கீழே கீழே எழுதிக்கொண்டு போவது என் வேலை. அதே பழக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். மாடிக் கழிவறையும் மந்தமா? ஆம். அப்படியானால் கோளாறு வீட்டுக்குள் இல்லை. வெளியே இருக்கும் சேம்பர் குழி நிரம்பியிருக்கிறதா? ஆம். அப்படியானால் கோளாறு அதற்கும் அப்பால், தொட்டியில்.

அம்மா படித்துப் பார்த்தாள். “லிஸ்ட்டு ஒட்டினா கக்கூஸ் தானா ஓடிடுமாடி?” என்றாள்.

அப்பா படித்துவிட்டு, “டேங்க்ல எதுவும் இருக்காது. வெல்லம் போட்டிருக்கேன், ரெண்டு நாள்ல நொதிச்சு எல்லாம் கரைஞ்சிடும்” என்றார். தொட்டியில் சிதைக்கும் வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அவர் விருந்து வைக்க, வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவும் சாக்கில் அம்மா ஆசிட் ஊற்றி அவற்றைக் கொன்றுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இதற்காக இருவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்ட நேரத்தில் நான் லாரிக்குப் பேசிவிட்டேன்.

லாரிக்காரர் நல்ல உற்சாகமான மனிதர். வாசலில் இறங்கும்போதே சத்தமாகக் கேட்டார்.

“இன்னா நைனா, மூடிய எங்க வெச்சுகீற?”

“அதான் ஞாபகம் வரல” என்றார் அப்பா. தொழிற்சாலையில் எந்த ஸ்பேனரை எந்த ஆணியில் மாட்டினார் என்று இன்றும் சொல்லக்கூடியவர்.

அவரே இடம் காட்ட ஆரம்பித்தார். கார் நிற்கும் இடத்தில் இருக்கலாம். லாரிக்காரர் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார், இல்லை. கொய்யா மரத்தடியில் இருக்கலாம். அங்கேயும் இல்லை. சுற்றுச்சுவரை ஒட்டி என்றார், பிறகு சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம்கூட இருக்கலாம் என்றார்.

“டாங்கிய பக்கத்து ஊட்லயா கட்டிகீற நைனா?”

சிரிக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. நான் போய் அடைப்பு எடுக்கும் நீள மூங்கில் பிளாச்சை எடுத்து வந்தேன். சேம்பரிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயில் அதைத் தள்ளிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் இடித்து நின்றது. குழாய் தொட்டிக்குள் நுழைந்து கீழே வளையும் இடம் அது. சேம்பரின் விளிம்புக்கு நேரே பிளாச்சில் ஒரு துணியைக் கட்டி, உருவி, கழுவி, அதே திசையில் தரைமேல் கிடத்தினேன். துணி சேம்பர் விளிம்பில் இருந்தது. மறுமுனை துளசி மாடத்தின் காலடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

லாரிக்காரர் குனிந்து பார்த்தார், மாடத்தைத் தட்டினார், அடியில் நீட்டிக்கொண்டிருந்த துருப்பிடித்த இரும்பு வளையத்தைக் காட்டினார்.

“மூடி மேல கோயிலே கட்டி வெச்சுகீறியே நைனா!”

அம்மா படியில் நின்றிருந்தாள். அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் ஆபத்து.

“வாயு மூலையில துளசி வெச்சா வீட்டுக்குள்ள நல்ல காத்து வரும்னு ஜோசியர் சொன்னாருன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன்.”

“எந்த ஜோசியர்?”

அப்பா லாரியைப் பார்த்தார்.

மெல்ல மெல்ல விஷயம் வந்தது. எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில், இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொன்னது நிஜம். அது வாசலுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வந்த அம்மா, தரையிலிருந்து தூக்கலாக இருந்த அந்த மூடியைப் பார்த்து, “என்னங்க இது, வாசல்லயே சமாதி மாதிரி?” என்று கேட்டிருக்கிறாள். கேட்டது அவளுக்கு நினைவில்லை. அப்பாவுக்கு மறக்கவில்லை. அது கிணற்று உறை வைக்கப் போட்ட மேடை என்று எதையோ சொல்லிச் சமாளித்திருக்கிறார். அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு அதன்மேல் மாடத்தைக் கட்டச் சொல்லி, அதற்குப் பொருத்தமாக ஒரு ஜோசியர் வாக்கையும் தயார் செய்திருக்கிறார்.

எனக்கு வேறொன்று பிடிபட்டது. அப்பாவுக்கு எவ்வளவு சளி பிடித்தாலும் துளசிக் கஷாயம் குடிக்க மாட்டார். சூடு ஒத்துக்காது என்பார்.

“அப்பா, அதான் நீங்க கஷாயம் குடிக்கலயா?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நடுவுல காங்கிரீட் இருக்கு, மண்ணு இருக்கு. செடிக்கு ஒண்ணும் ஆகாது, சுத்தமா இருக்கும்.”

“அப்ப குடிச்சிருக்கலாமே.”

அம்மா மாடத்திடம் போனாள். செடியின் முன்னால் சிறிது நேரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. இத்தனை வருஷம் விளக்கேற்றிச் சுற்றி வந்தது எதை என்று அவள் யோசிக்கிறாள் என நினைத்தேன். அவளோ தண்டை அடியில் பிடித்து, வேர் எவ்வளவு ஓடியிருக்கும் என்று மண்ணை விரலால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யம்மா, எனுக்கு வேற ட்ரிப் கீது” என்றார் லாரிக்காரர், கொஞ்சம் பணிவாகவே.

அம்மா ஓர் இலையைக் கிள்ளி அப்பாவிடம் நீட்டினாள்.

“மொதல்ல இதைச் சாப்பிடுங்க.”

அப்பா வாங்கி வாயில் போட்டு மென்றார். விழுங்கும் வரை அவள் நகரவில்லை. பிறகு உள்ளே போய்க் காலி பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்து வந்து, அடியில் ஓட்டை போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

“கட்டினவரே இடிக்கட்டும். செடிமேல உளி படக் கூடாது.”

அப்பா உளியும் சுத்தியலும் எடுத்து உட்கார்ந்தார். மாடத்தை முழுசாகப் பெயர்த்துவிடலாம் என்பது அவர் திட்டம். அதற்காகவே அடியில் மணல் பரப்பச் சொல்லியிருந்தாராம். ஆனால் கொத்தனார் தாராள மனசுடன் சிமென்ட் பூசியிருந்தார். அப்பா சுற்றிலும் பொறுமையாகத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் லாரிக்காரர் கடப்பாரை கொடுத்து நெம்ப, மாடம் இரண்டாகப் பிளந்தது. மண்ணோடு சாய்ந்த செடியை அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பாதி வேர் அறுந்து மூடியின் விரிசலிலேயே நின்றுவிட்டது.

“அந்தப் பக்கமா வேர் போயிருக்கு பாரு” என்றாள். “அதான் அப்படித் தளதளன்னு இருந்திருக்கு.”

மூடியைத் திறந்ததும் அப்பா டார்ச்சோடு குனியப் போனார். அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். உள்ளே இருக்கும் வாயு ஆளைச் சாய்த்துவிடும், கொஞ்ச நேரம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது, யாரும் உள்ளே இறங்கவும் கூடாது, குழாய் மட்டும்தான் இறங்கும் என்று என் பட்டியலை அங்கேயே வாய்மொழியாகச் சொன்னேன்.

“நான் எறங்குவேன்னு நெனச்சிகினியா? எறங்குனா எம் பொண்டாட்டி என்னை ஊட்டாண்டயே சேக்க மாட்டா” என்றார் லாரிக்காரர்.

குழாய் வேலையை முடித்தது. வீடு கட்டியதிலிருந்து ஒருமுறைகூடத் திறக்காத தொட்டி அடி தெரியக் காலியானது. கழிவறையில் ஊற்றிய தண்ணீர் யோசிக்காமல் இறங்கியது. அப்பா திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று அம்மாவின் குரல் வந்ததும் நிறுத்தினார்.

இப்போது மூடி வெளியே தெரிகிறது. வளையத்துக்கு அப்பா சிவப்பு பெயிண்ட் அடித்திருக்கிறார். அதன்மேல் கோலம் போடலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆசிட் பாட்டிலை நான் தூக்கிப் போட்டேன், அம்மா இன்னொன்று வாங்கினாள், அதை ஒளித்து வைத்திருக்கிறேன். புது மாடம் வாசலுக்கு நேரே கட்டுவதாக ஏற்பாடு. அதுவரை பெயிண்ட் வாளிக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுவது அப்பாவின் வேலை, கஷாயம் குடிப்பதும். செடியில் மேல் கிளைகள் காய்ந்துவிட்டன, அடித்தண்டில் துளிர் வந்திருக்கிறது. அது நிற்குமா என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா, எங்கள் ஜோசியர் பேச்சைக் கேட்டு, தன் துளசியையும் வாயு மூலைக்கு மாற்றியிருந்தார். அது அங்கேதான் இருக்கிறது. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.