ஜெபமாலை நேரத்துப் பேச்சு

போன வாரம் மகன் செல்போனில் ஜெபமாலையை ஓடவிட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். ஆண்குரல் முதல் பாதியைச் சொல்ல, பெண்குரல் மறுபாதியைச் சொன்னது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னம்மா?" என்றான். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். மங்கள வார்த்தை ஜெபத்தை ஒருவர் தொடங்க, மற்றவர் முடிக்க வேண்டும். ஜெபமாலையில் அது ஐம்பத்துமூன்று தடவை வரும். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் அப்பா தொடங்குவார், அம்மா முடிப்பாள். ஐம்பதுகளின் கடைசியில் அவர்கள் இருவர் குரலும் ஒன்றுக்கொன்று பதில் சொன்னது அதில் மட்டும்தான்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவின் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று நெய்க்காரப்பட்டியிலிருந்து தந்தி வந்தபோது, மறுநாள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அவர் வந்துபோனதும் கூட்டிப்போகலாம் என்று, தந்தியை அம்மாவிடம் காட்டாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார் அப்பா. நாங்கள் போய் இறங்குவதற்குள் புதைத்துவிட்டார்கள். பாவி மனுஷர், ஒரு நாள்தான்!

அன்றிலிருந்து எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு." "வெஞ்சனம் நல்லாருக்குன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். எட்டு வயதில் எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்த தலைக்கனம் வேறு. "அந்த மனுஷனுக்குக் கல்லு மனசு" என்பதை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டேன். அது அவர் காதிலேயே நேராக விழுந்திருக்கும் என்கிற புத்தி அப்போது எங்கே இருந்தது?

ஒரு நாள் சொப்பு வைத்து விளையாடினோம். நான் அம்மா, பக்கத்து வீட்டு அந்தோணி அப்பா. சோறு போடு, சோறு போடு என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏண்டி பேச மாட்டேங்கிற?"

"நான் அம்மால்ல? அம்மான்னா அப்பாகிட்டப் பேசக் கூடாதுடா."

"எங்க வீட்ல பேசுவாங்களே!" என்று சொல்லிவிட்டு அவன் கோலி விளையாடப் போய்விட்டான். எல்லா வீடும் எங்கள் வீடு மாதிரி இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சொப்பை அப்படியே போட்டுவிட்டு அழுதேன்.

அதன்பிறகு சாயங்கால ஜெபம்தான் எனக்கு உயிர். மூன்று பேரும் முழங்கால் போட்டுச் சொல்வோம். மணியை உருட்டி எண்ணுவது என் பொறுப்பு. உருட்டிய மணியையே திரும்பவும் உருட்டுவேன். அவர் குரல், அவள் குரல், அவர் குரல் என்று வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் பேராசைப்பட்டு ரொம்பவே நீட்டிவிட்டேன். அப்பா நிறுத்தினார்.

"போதும் பாப்பா. உங்கம்மாவுக்கு முட்டி வலிக்கும்."

"எனக்கொண்ணும் வலிக்கல" என்றாள் அம்மா, அவரைப் பார்த்தே.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மறுநாள் காலை, "உங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு" என்றுதான் விடிந்தது. இன்னும் ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

இப்போது அந்த வீட்டையும் இடித்தாயிற்று, அவர்கள் இருவரும் இல்லை. அறுபதுகளின் நடுவில் முதலில் போனவர் அப்பா. அதற்குப்பின் அம்மா தனியாகவே ஜெபமாலை சொன்னாள். அவர் சொல்ல ஆகும் நேரம் வரை பேசாமல் இருப்பாள், பிறகு தன் பாதியைச் சொல்வாள். பொறுக்கமாட்டாமல் ஒரு சாயங்காலம் நானும் பக்கத்தில் முழங்கால் போட்டு முதல் பாதியைத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ சொல்லாத பாப்பா. அது அவரு சொல்றது."