கழுவிப் போட்ட உப்பு

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்கு ஒரு பெண் பெட்டியும் சின்னச் சின்ன பாட்டில்களுமாக வந்தாள். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். பிள்ளைகள் ஒழுங்காக வளர எவ்வளவு அயோடின் வேண்டும், சாப்பாட்டில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று ஓர் ஆராய்ச்சியாம். பிள்ளைகளின் சிறுநீரும் வீட்டு உப்பும் கேட்டாள்.

எதிர்வீட்டு அக்கா மறித்துக்கொண்டாள். "ஒண்ணுக்க புடிச்சிகினு போயி இன்னா பண்ணுவ? கிட்னி நல்லாருக்கானு பாத்து வெச்சிகினு, அப்பறம் ஆள அனுப்புவியா?"

"சின்னப் பசங்க கிட்னி யாருக்குக்கா பத்தும்?" என்று அந்தப் பெண் சிரித்தாள். சொல்லியிருக்கக் கூடாது, ஊரெல்லாம் கிட்னி திருட்டுப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. எங்கள் சந்தில் சந்தேகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், "வயிறு ஒத்துக்கல" என்பார்கள். அன்றைக்கு யாருக்கும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கதவு பாதி திறந்திருந்தது, மகளுக்காக. நான்காம் வகுப்பு. உயரம் குறைவு என்பதால் பள்ளி வரிசையில் எப்போதும் முதல் ஆள். கொஞ்ச நாளாக, தண்ணீர் குடிக்க அண்ணாந்தால் கழுத்தில் ஒரு மேடு தெரிந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என் மனைவி அவளுக்குக் காலர் வைத்த சட்டையாகவே போட்டுவந்தாள். வந்தவள் காலரை விலக்கி மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"அயோடின் கொறஞ்சா இப்டி வீங்கும்ணா. வளர்த்தியும் நின்னுடும். பாத்துடலாம்."

எங்கள் வீட்டில் பாக்கெட் கல்லுப்புதான், அயோடின் கலந்தது. அதில் ஒரு சொட்டு மருந்து விட்டாள். உப்பு கருநீலமானது. "நல்ல உப்பு" என்று சொல்லிவிட்டு, மகளின் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள்.

"உப்பு எங்கனா ஊதாவாவுமா? இன்னாத்தையோ கலந்து விக்கிறானுங்க" என்றாள் மனைவி. குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தைக் கலக்கிறார்கள் என்று நான் வேலைபார்த்த பட்டறையில் கேட்ட பேச்சை நான் வேறு கொண்டுவந்து சேர்த்தேன்.

சில நாள் கழித்து அந்தப் பெண் குழம்பிப்போய்த் திரும்பி வந்தாள். "உப்புல இருக்கு, புள்ள ஒடம்புல இல்ல. எங்கக்கா போவுது?"

"பாட்டில மாத்திப்புட்டு எங்களக் கேளு."

அவள் கோபித்துக்கொள்ளாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேவு பார்க்கிறாள் என்று மனைவி எனக்குக் கண்ணைக் காட்டினாள். காட்டியபடியே கல்லுப்பை வடிகட்டியில் போட்டுத் தண்ணீரில் அலசினாள். மண் போகட்டும் என்று எப்போதும் ஒருமுறை அலசுவதுதான். ஊதா நிறத்தைப் பார்த்த பிறகு அலசல் மூன்று முறையாகியிருந்தது.

அந்தப் பெண் எழுந்துவந்து அலசிய உப்பில் சொட்டு விட்டாள். வெள்ளையாகவே இருந்தது.

"மேலதான்கா தெளிச்சிருப்பாங்க. எல்லாம் சாக்கடைக்குப் போயிடுச்சு."

மனைவி வடிகட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "இவளுக்கு எவ்ளோதான் வோணும்?" என்றாள்.

"ஒரு நாளைக்குக் குண்டூசித் தலையளவுகூட வாணாம்கா."

"அந்தத் துக்குணூண்டுக்கா கழுத்து வீங்கும்?"

அலசாத உப்பு முதலில் என் தட்டுக்குத்தான் வந்தது. சாயங்காலமானால், "ஏதாச்சும் பண்ணுதா?" என்று மனைவி என் முகத்தையே பார்ப்பாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெளிவான பிறகே மகளுக்குப் போட்டாள். மாதங்கள் போய் மேடு தணிவதுபோல் தெரிந்தபோது, அவளே மகளின் பாட்டிலை நிரப்பி வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்காக வாசலில் நின்றாள்.

இந்தமுறை அளவு சரியாக இருந்தது. அந்தப் பெண் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு முனை திரும்புவதற்குள் மனைவி என் முதுகில் தட்டினாள்.

"ஓடுங்க. அந்த பாட்டில் நம்ம புள்ளதுதானானு கேட்டுகினு வாங்க."