கல்லில் இருந்த நடுப்பெயர்

சிட்னியின் மேற்கே ஒரு பழைய கல்லறைத் தோட்டம். டேனியல் சோத்தோ மண்டியிட்டு, தன் கொள்ளுத்தாத்தா ரமோனின் கல்லில் படிந்த பாசியைப் பிரஷால் தேய்க்கிறார். மெக்சிகோவிலிருந்து குதிரை பழக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர் அவர். அவருடைய ஊரிலுள்ள சோத்தோ குடும்பங்களிடமெல்லாம் டேனியல் விசாரித்துவிட்டார். ரமோன் சோத்தோ என்று தங்களில் எவரும் இல்லை என்கிறார்கள். தேடலை இத்துடன் விட்டுவிடப் போவதாக வரும்போது காரில் என்னிடம் சொன்னார்.

பாசி விலகியதும் ரமோனுக்கும் சோத்தோவுக்கும் நடுவே இன்னொரு பெயர் தெரிகிறது: வர்காஸ்.

"மிடில் நேம்," என்கிறார் டேனியல்.

அவர் மனைவி சிவமலர் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், வெஸ்ட்மீட் மருத்துவமனையில் நர்ஸ். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"இல்லைத் தம்பி. எங்கட வார்டில ஒரு சிலி நாட்டுப் பிள்ளை வேலை செய்யுது. அவையளுக்கும் மெக்சிகோக்காரருக்கும் முதல்ல அப்பான்ர குடும்பப் பேர், கடைசியில அம்மான்ர. இங்க கடைசியில இருக்கிறதைத்தான் குடும்பப் பேரெண்டு பதிஞ்சுபோடுவினம். வந்த புதுசில என்னையும் எல்லாரும் கந்தையா எண்டுதான் கூப்பிட்டவை. அது என்ர அப்பா."

அதையே ஆங்கிலத்தில் கணவருக்குச் சொல்கிறார். டேனியல் பிரஷைக் கீழே வைக்கிறார். அப்படியானால் சோத்தோ யார் என்று கேட்கிறார்.

"ரமோனுடைய அம்மா," என்கிறார் அக்கா.

அப்படி ஒரு பெண்ணைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லையாம். இனி வர்காஸ் குடும்பத்தைத்தான் தேட வேண்டும் என்கிறார் டேனியல். சொல்லிவிட்டு, பிரஷை எடுத்து, ஏற்கெனவே துலங்கிவிட்ட சோத்தோ என்ற பெயரை மறுபடியும் மெதுவாகத் தேய்க்கிறார்.