இருபது மாடி பாக்கி

கதவிடுக்கில் வாயை வைத்து, "ரெண்டு நிமிஷம்!" என்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குக் குரல் கொடுக்கிறார். தோளில் தொங்கும் பையை இன்னும் இறக்கக்கூட இல்லை. லிஃப்ட் எந்த இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறது, கோளாறு மின்சாரத்திலா கதவிலா பிரேக்கிலா, எதுவும் அவருக்குத் தெரியாது. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ரெண்டு நிமிஷம்.

எங்கள் குடியிருப்பையும் சேர்த்துப் பதினொரு கட்டடங்களின் லிஃப்டுகளுக்கு அவர்தான் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அந்த ரெண்டு நிமிஷம் ஒருநாளும் ரெண்டு நிமிஷத்தில் முடிந்ததில்லை. மூன்றாம் மாடி மேனேஜர் ஒருமுறை ஒன்றேகால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும், எதிரே நிற்பவர்களையெல்லாம் கையெழுத்து சரியில்லாத வாடிக்கையாளர்களாகவே பார்க்கிற மனிதர். வெளியே வந்ததும் வாட்சைத் தட்டிக் காட்டி, "இதுதான் உம்ம ரெண்டு நிமிஷமா?" என்று குதித்தார்.

"ஒண்ணேகால் மணி நேரம்னு சொல்லியிருந்தா நீங்க உள்ளேயே மயங்கி விழுந்திருப்பீங்க சார். இப்ப பாருங்க, தெம்பா நின்னு திட்டுறீங்க" என்றார் இவர்.

அன்றிலிருந்து அவர் பெயரே ரெண்டு நிமிஷம் ஆகிவிட்டது. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "என்ன மேடம், சொல்லுங்க" என்று திரும்பிப் பார்ப்பார்.

வயது ஐம்பத்து மூன்று. குள்ளம், கொஞ்சம் தொந்தி. கழுத்தில் நூல்கயிற்றில் ஒரு முக்கோணச் சாவி. எந்த மாடியிலும் லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்கிற சாவி அது. பையில் எது இருக்கிறதோ இல்லையோ, ஒன்றரைக் கிலோ ஸ்பானர் ஒன்று கட்டாயம் இருக்கும். லிஃப்டுகளோடு பேசுவார். "என்னடா, காலங்காத்தாலேயே முறைச்சுக்கிட்டு நிக்கிற?" என்று எட்டாம் மாடியிலிருந்து கேட்டால், யாரோ சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன். தூரம், உயரம் எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரே கணக்குதான். மீட்டரை மூன்றால் வகுத்தால் மாடி. "பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள். "படுக்க வச்சா ஒரு நானூறு மாடி வரும்" என்பார். கேட்டவர் வேறு ஆளைத் தேடிக்கொண்டு போய்விடுவார்.

இந்த மனிதர் இமயமலையில் ஒரு சிகரம் ஏறப் போகிறேன் என்று சொன்னபோது, நானும் அதை ஒரு ரெண்டு நிமிஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

விஷயம் என்னவென்றால், அதற்கு முந்தின வருஷம் ஒருநாள் எங்கள் கட்டடத்தின் இரண்டு லிஃப்டும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. மோட்டார் அறை பதினான்காம் மாடிக்கும் மேலே, மொட்டைமாடியில். இவர் படியேறித்தான் போக வேண்டும். ஆறாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். மேல்மாடியில் யாரையோ பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்த மேனேஜர் சும்மா போவாரா? "லிஃப்ட் ஓடலேன்னா லிஃப்ட்காரரும் ஓட மாட்டார் போலிருக்கே!" என்றார். படியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். ஆமாம், நானும்தான். அவரும் சிரித்தார்.

"சிரிச்சிட்டேன் மேடம். ஆனா மேல போய் மோட்டார் ரூம்ல உக்காந்தா ரோஷம் தாங்கல" என்று பின்னால் ஒருநாள் சொன்னார். அந்த அறைச் சுவரில் ஏதோ எண்ணெய்க் கம்பெனி கொடுத்த காலண்டர். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பனிமலை. "ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டர்னு கீழ போட்டிருந்தான். மூணால வகுத்தேன். ரெண்டாயிரம் மாடி. லிஃப்ட் கிடையாது. சரி, இதையே ஏறிடுவோம்னு தோணிச்சு." புதிதாக ஏறுகிறவர்களை வழிகாட்டியோடு அனுப்பிவைக்கிற ஒரு குழுவில் பெயர் கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? பதினொரு கட்டடத்திலும் சொல்லி வைத்தார். உச்சியில் நின்று போட்டோ எடுப்பாராம். காலண்டரைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் அதை மாட்டுவாராம்.

வீட்டுக்காரம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் முதல் சிகரம். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுகிற ரகம். ஒரே கூரைக்கு அடியில் ரெண்டு நிமிஷமும் எறும்புக்கடியும் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கணவருக்கு எல்லாப் பரிசோதனையும் அவரே செய்தார், முடிவுகளை இரண்டு தடவை படித்தார், பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கூட வர்ற ஆளு திரும்புன்னா திரும்பணும். அங்க போய் உங்க ரோஷத்தைக் காட்டக் கூடாது. எனக்கு போட்டோ வேணாம், ஆள் வேணும்."

"திரும்பிடறேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பாதியில் விட்ட வேலை என்று ஒன்றுகூட வாழ்க்கையில் இல்லாதவர் செய்த சத்தியம். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பயிற்சி எங்கள் கட்டடத்தில்தான் நடந்தது. காலை ஐந்தரைக்கு, ஸ்பானர் உட்பட முழுப் பையையும் மாட்டிக்கொண்டு பதினான்கு மாடி ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். இதில் ஒரு சங்கடம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கே படியில் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஏன் சார், லிஃப்டுல ஏதாவது...?" என்று முதலில் ஐந்தாம் மாடி கேட்டது. மறுநாள் ஐந்தாம் மாடி முழுக்கப் படியில் இறங்கியது. ஒரே வாரத்தில் லிஃப்ட் காலியாகப் போய்க் காலியாக வந்தது. கடைசியில் செயலாளர் ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று: "லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது. மெக்கானிக் உடற்பயிற்சி செய்கிறார்."

நான்கு மாதத்தில் தொந்தி காணாமல் போனது. காலண்டரைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்தார். ஆணியை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

திரும்பி வந்தபின், மலையில் நடந்த கதையைத் தவணை முறையில்தான் சொன்னார். பாதிக் கதையில் எங்கிருந்தாவது போன் வந்துவிடும். குழுவில் ஆறு பேர், இவர்தான் மூத்தவர். வழிகாட்டி நாற்பது வயது ஆள், இவரைவிடக் குள்ளம். மூன்று மொழிகளிலிருந்து முப்பது முப்பது வார்த்தைகள் வைத்துக்கொண்டு பிழைக்கிறவர். முதல் நாள் ஏற்றத்தில், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"டென் மினிட்ஸ் சார்" என்று வந்தது பதில்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டார். டென் மினிட்ஸ். அதற்கும் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு டென் மினிட்ஸ். மற்ற ஐந்து பேரும் கடுகடுவென்று இருந்தார்களாம். "எனக்கு மட்டும் சிரிப்பு அடக்க முடியல மேடம். அடப்பாவி, நம்ம ஆளுடா நீன்னு கட்டிப்பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு."

பத்து நிமிஷத்துக்கும் ரெண்டு நிமிஷத்துக்கும் அன்றே ஒட்டிக்கொண்டது. மேலே ஏறிப் போய், ராத்திரி படுக்கக் கீழே இறங்கி வந்து, மறுநாள் இன்னும் மேலே போக வேண்டும், அப்போதுதான் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகும் என்றார் வழிகாட்டி. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். "நாங்க புது லிஃப்டை அப்படித்தான் ஓட்டிப் பார்ப்போம்" என்று இவர் தலையாட்டினார். மூட்டையின் கனம் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று நான்காம் நாள் வழிகாட்டி அதைக் கவிழ்த்துப் பார்த்தால், துணிக்கு அடியில் ஸ்பானர்.

"எதற்கு?" என்று அவர் கையை விரித்தாராம்.

எதற்கென்று இவருக்கே தெரியவில்லை. "அது இல்லாம நான் வேலைக்குப் போனதே இல்லையே!" என்று என்னிடம் பரிதாபமாகச் சொன்னார். ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொள்ள வழிகாட்டி கயிற்றை எடுத்துக் கொடுத்தபோது அதையும் சும்மா வாங்கவில்லை. விரல் பருமன், ஆரஞ்சு நிறம். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலிடுக்கில் விட்டு உருவிப் பார்த்தார். ஒரு நுனியில் நூல் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்து நீட்டினார். வழிகாட்டி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுத்து, அந்த நுனியை நாலு முழத்துக்கு வெட்டி இவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

உச்சிக்குப் போகும் நாள் விடியுமுன் கிளம்பினார்கள். சட்டம் ஒன்றுதான். காலை பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். பிறகு வானத்தை நம்ப முடியாது. மற்ற ஐந்து பேரும் இன்னொரு வழிகாட்டியோடு முன்னே போய்விட்டார்கள். இவர் நாலு எட்டு வைத்தால் ஒரு நிற்பு. ஷூவில் மாட்டிய இரும்புப் பற்கள் பனியில் ஏறும், மூச்சுத்தான் ஏறவில்லை. எட்டு மணிக்குக் கேட்டார், டென் மினிட்ஸ். ஒன்பதரைக்கும் அதேதான். பத்தேகாலுக்கு உச்சி கண்ணுக்கே தெரிந்தது. முன்னே போனவர்கள் அங்கே நின்று கையசைத்தார்கள்.

"இன்னும் எவ்வளவு?" என்று கேட்டார்.

வழிகாட்டி இவர் முகத்தில் இறுக மாட்டியிருந்த பனிக்கண்ணாடியை மேலே தூக்கிக் கண்ணைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "ஒன்றரை மணி நேரம் சார்" என்றார்.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது என் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

"மேடம், நான் எப்ப ரெண்டு நிமிஷம்னு சொல்ல மாட்டேன் தெரியுமா? என் ஒருத்தன் கையால ஆகாதுன்னு தெரிஞ்சா சொல்ல மாட்டேன். அப்ப மட்டும்தான் உண்மை வரும். அவனும் நம்ம தொழில்தானே? ஒன்றரை மணி நேரம்னு அவன் வாயைத் திறந்த உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"டென் மினிட்ஸ்னு சொல்லுப்பா" என்று ஒரே ஒரு தடவை கெஞ்சிப் பார்த்தாராம். வழிகாட்டி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இவர் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிட்டார். திரும்பச் சொன்னால் எல்லோரும் சண்டை போடுவார்கள் என்பதால் வாதத்துக்குத் தயாராக நின்ற வழிகாட்டிக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லையாம்.

"அறுபது மீட்டர். மூணால வகுங்க. இருபது மாடி" என்றார். "அழுதேன் மேடம். பொய் சொல்லக் கூடாது. அந்தக் கண்ணாடிக்குள்ள அழுதா துடைக்கவும் முடியாது, ஒரே மூட்டமா ஆயிடும். கால் எங்க வைக்கறேன்னே தெரியல. அவன் பின்னாடி கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். அப்பப்ப ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான், பேச்சே கிடையாது. ஆள் இருக்கான்னு தெரியும். அதை வச்சே கீழ வந்து சேர்ந்தேன்."

கீழே கூடாரம் கண்ணில் பட்டபிறகுதான் மறுபடி டென் மினிட்ஸ் ஆரம்பித்ததாம். மூன்று மணி நேரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாராம்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்காரம்மா முதலில் கைவிரல், பிறகு கால்விரல் என்று இருபதையும் எண்ணிச் சரிபார்த்தார். பிறகுதான் உச்சிக்குப் போனாரா என்று கேட்டார். திரும்பிவிட்டேன் என்று பதில் வந்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நான் சொன்னதை அந்த மனுஷன் கேட்டது இது ஒண்ணுதாங்க" என்று என் கையில் ஊசி ஏற்றிக்கொண்டே சொன்னார். அன்று எறும்புக்கடி கொஞ்சம் பலமாகவே இருந்தது.

மேனேஜர் காத்திருந்தார். "அப்ப ஏறலைன்னு சொல்லும்!" என்றார்.

"இருபது மாடி பாக்கி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் மேனேஜரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. முன்பு நானும் சிரித்தவள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். மோட்டார் அறை ஆணி காலியாகவே இருந்தது. ரெண்டு நிமிஷமோ பதினொரு கட்டடத்திலும் பழையபடி ஒலித்தது.

போன வாரம் நானே மாட்டிக்கொண்டேன். கையில் காய்கறிப் பை, தலைக்குள் முடிக்காத கட்டுரை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மணியை அடித்தேன். சிறிது நேரத்தில் மேலே, என் தலைமட்டத்தில், வெளிக்கதவு திறக்கும் சத்தம். உள்கதவு இரண்டு விரற்கடை விலகியது.

"தெரியும், ரெண்டு நிமிஷம்!" என்று நானே முந்திக்கொண்டேன்.

மேலே மோட்டார் அறைக்குப் போய் வருகிற காலடிச் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "இல்ல மேடம். ஐம்பது நிமிஷம் ஆகும்."

"ஐயோ, பொய்யே சொல்லுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

"ஆபத்து ஒண்ணும் இல்ல. பெட்டி அசையாது, பூட்டிக்கிட்டு நிக்குது. மேல ஒருத்தர் பிரேக்கை விடணும், ஒருத்தர் சக்கரத்தைச் சுத்தணும். என் ஒருத்தன் கையால ஆகாது. இன்னொரு ஆளுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்கான்." கனமான எதையோ தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பை! அவர் பையை இறக்கி வைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அதுவரைக்கும் நான் இங்கேயேதான் உக்காந்திருப்பேன்."

இடுக்கு வழியாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு கயிற்று நுனி இறங்கி வந்தது. நூல் பிரிந்திருந்தது.

"பிடிச்சுக்குங்க" என்றார்.

பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. பேச்சை மாற்ற, "மறுபடி எப்ப கிளம்பறீங்க?" என்றேன்.

"அடுத்த வருஷம். அவன்கிட்ட சொல்லி வச்சாச்சு. வீட்டுலயும் அதே கண்டிஷன்தான். இந்தத் தடவை ஸ்பானரை உங்க வீட்டுல வச்சிட்டுப் போறேன் மேடம். அந்த ஒன்றரைக் கிலோவே நாலு மாடி இருக்கும்."

"மிச்சம் பதினாறு மாடி?"

"அதுக்குத்தான் தினம் படியேறிக்கிட்டிருக்கேனே!"

சிரித்தேன். பிறகு இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோனது. மின்விசிறி எப்போதோ நின்றிருந்தது. கூரையிலிருந்த அவசர விளக்கும் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. கும்மிருட்டு. இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா? கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், கையிலிருந்த கயிறு ஒருமுறை மெல்ல இழுபட்டது.