மக்காத சட்டைத்துணி

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் தையல் மெஷினின் சத்தமே மாறிவிடும். எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில், ஒற்றை ஜன்னல் வைத்த அறைதான் அவள் கடை. அந்த ஜன்னலுக்கு வெளியேதான் மொத்தக் கட்டடத்தின் குப்பையும் விழும். வண்டி நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஈ, மூடினால் புழுக்கம். மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் தோள் அளவை எப்படி எடுப்பது? பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"கடைய வேற எடத்துக்கு மாத்திக்கோயேன்" என்றான் பேருந்து ஓட்டுநரான என் அண்ணன். அண்ணி முறைத்த முறைப்பில் அன்று சாப்பிடாமலே வேலைக்கு ஓடினான்.

"நான் ஏன் மாறணும்? குப்பை மாறட்டும்!"

சொன்னதோடு விடுகிறவளா? துளை போட்ட பழைய டிரம்களை மொட்டைமாடிக்கு ஏற்றினாள். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடெல்லாம் உரமாக்கத் தனி வாளியில் வேண்டுமென்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கெஞ்சவெல்லாம் இல்லை, மிரட்டல்தான்.

"பிளாஸ்டிக்கக் கலந்து வெச்சீங்க, அடுத்த சட்டைய ஒரு கையோடதான் தைச்சுத் தருவேன்!"

எல்லோரும் வழிக்கு வந்தார்கள், சங்கச் செயலாளரைத் தவிர. கடைசி மாடிக்காரர். எதற்கெடுத்தாலும் மூக்கை உறிஞ்சுவதால் நாங்கள் வைத்த பெயர் 'மோப்பம்'.

"மூணு மாசம் பாப்பேன். நாத்தம் வந்தாலோ, உரம் வரலன்னாலோ டிரம்மு காலி. குப்பை பழைய எடத்துக்கே போயிடும்" என்றார். பழைய இடம் என்றால் அண்ணியின் ஜன்னல்.

ஈரக் கழிவுக்கு மேல் காய்ந்தது எதையாவது பரப்ப வேண்டும், இல்லையேல் நாறும். எங்கள் கட்டடத்தில் மரமேது, சருகேது? அண்ணி தன் காலடியில் கிடந்த வெட்டுத்துணியைப் பார்த்தாள்.

"எல்லாம் சுத்தக் காட்டன். மக்கிடும்."

துணி கொண்டுவந்தவர்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். நானும் அள்ளி அள்ளிக் கொட்டினேன்.

கெடு முடிந்த நாளில் கட்டடமே மொட்டைமாடியில் கூடியது. அண்ணி மூடியைத் திறந்து சல்லடையில் கொட்டினாள். கறுப்பாகப் பொலபொலவென்று உரம் உதிர்ந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அதற்குள் சல்லடை மேல் சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கட்டம் போட்டது எனத் துணித்துண்டுகள் பளிச்சென்று நின்றன. ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"இது உரமா, துணிக்கடையா?" என்றார் மோப்பம். அண்ணியின் முகம் செத்துவிட்டது.

அவரே குனிந்து ஒரு நீலக்கோட்டுத் துண்டை எடுத்தார். தன் சட்டையைப் பார்த்தார். அதே நீலக்கோடு.

"அட பாவி! சுத்தக் காட்டன்னு கடைக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்தானே!"

"ஐயோ, இது என் கவுனு!" என்றது ஒரு குரல். "என் தலையணை உறையும் டூப்பா?" என்றது இன்னொன்று. அவ்வளவுதான், ஆளாளுக்கு டிரம்மில் பாய்ந்தார்கள். துணிக்கடைக்காரனிடம் காட்ட ஆதாரம் வேண்டுமாம், மோப்பம் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். சிரிப்பும் திட்டுமாக மொட்டைமாடியே அமளிதுமளிப்பட்டது.

அண்ணிக்குத் தெம்பு வந்துவிட்டது. "சார், இவ்வளவு நேரமா உள்ள கைய விட்டுருக்கீங்களே, நாத்தம் அடிக்குதா?"

அவர் கையை எடுத்து முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

"இல்லம்மா" என்றார் மெதுவாக. "ஒண்ணும் அடிக்கல. டிரம்மு இங்கேயே இருக்கட்டும்." அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது டிரம்முக்கு மரக்கடையிலிருந்து மரத்தூள் வருகிறது. அண்ணி ஜன்னலை விரியத் திறந்துவைத்துத் தைக்கிறாள். நேற்று, முன்பு குப்பை கிடந்த அதே இடத்தில் நின்று, கம்பி வழியாக மோப்பம் தலையை நீட்டினார். கையில் புதுத்துணி.

"அவசரமில்லம்மா. ஒரு துண்டு வெட்டி மொதல்ல டிரம்ல போடு. மக்குச்சுன்னா தைக்கலாம்."